புதுப்பிப்பு: நெகட்டிவில் இருந்த புள்ளிகள் இரண்டு வகை

வீட்டில் கழுவிய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வானம் வரும் இடமெல்லாம் புள்ளியாக இருக்கிறது, ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) வலு தீர்ந்துவிட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். ஃபிக்ஸர் காரணமில்லை. அதன் வலு தீர்ந்திருந்தால் பெரிய பரப்பே மங்கலாக இருக்கும், இப்படித் தனித்தனியாக விழாது.

நெகட்டிவை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பளபளப்பான பக்கத்தில் வெளிறிய வளையங்கள், ஓரம் மட்டும் கொஞ்சம் தடித்து. எங்கள் போர் தண்ணீரின் உப்புதான். சொட்டு நின்று காய்ந்த இடத்தில் தங்கிவிடுகிறது. ஃபிலிமை மறுபடி ஊறவைத்து, கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் லிட்டருக்கு 5 மி.லி. ஃபோட்டோ-ஃப்ளோ (தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோட வைக்கும் திரவம்) கலந்து செய்தேன். வளையங்கள் போய்விட்டன! ஊறிய ஃபிலிமை மட்டும் விரலால் துடைத்துவிடாதீர்கள், எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) அப்போது மிக மென்மையாக இருக்கும், உடனே கீறல் விழும்.

அப்புறம் இன்னொரு வகை. லூப் (சிறிய உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தால் கூர்மையான ஓரத்தோடு சின்ன வட்டங்கள், உள்ளே ஒன்றுமே இல்லாமல் தெளிவாக. காற்றுக் குமிழ் ஒட்டியிருந்த இடத்தில் டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) படவில்லை. அங்கே வெள்ளியே உருவாகாததால் எத்தனை தடவை கழுவினாலும் சரியாகாது. பிரிண்டில் கறுப்புப் புள்ளியாகவே வரும். ஸ்கேன் செய்து திருத்தலாம். இப்போது டெவலப்பர் ஊற்றியதும், ஒவ்வொரு முறை கவிழ்த்து நிமிர்த்திய பிறகும், டேங்கின் (ஃபிலிமைக் கழுவும் மூடிய பாத்திரம்) அடியை, குமிழ் விலகும்படி மேசையில் நன்றாகத் தட்டுகிறேன். அடுத்த ரோலில் வானம் சுத்தமாக வந்திருக்கிறது.