க்ரோ பேக்கில் வேம் போடுவது வீண் செலவா?

மாம்பலம் மாடி:
மண் கலவை வாங்கப் போன நர்சரியில் 'வேம் போட்டால் உரச்செலவு பாதி' என்று சொல்லி ஒரு பாக்கெட் வேர் உட்பூசணத்தையும் (வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை, VAM என்பதைத்தான் வேம் என்கிறார்கள்) தலையில் கட்டிவிட்டார்கள். மாடியில் க்ரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) தண்டுக்கீரை, முள்ளங்கி, கத்தரி, பழைய டிரம்மில் ஒரு எலுமிச்சை. போடலாமா?

அடையாறு ஆலமரம்:
தாராளமாகப் போடுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அவ்வளவாக நகராது. வேரைச் சுற்றி இருப்பது தீர்ந்ததும் செடி திண்டாடும். பூஞ்சை இழைகள் வேரைவிடப் பல மடங்கு மெல்லியவை, வேர் நுழையாத இடுக்கிலும் புகுந்து எடுத்து வரும். பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டு பழைய செடிப் படிமங்களுக்குள்ளேயே இந்தப் பூஞ்சை இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு ஒழுங்கான வேர்கூடக் கிடையாது!

வேளச்சேரி வெயில்:
40 கோடி ஆண்டு இருக்கட்டும் சார், அவர் கேட்பது தண்டுக்கீரைக்கு. தண்டுக்கீரை, பீட்ரூட் குடும்பமும் முள்ளங்கி, கடுகு, கோஸ் குடும்பமும் இந்தப் பூஞ்சையோடு பெரும்பாலும் சேருவதே இல்லை. அவற்றுக்குப் போடுவது காசைக் கரைப்பதுதான். கத்தரி சேரும். ஆனால் என்ன உரம் போடுகிறீர்கள்?

மாம்பலம் மாடி:
கலவையில் எலும்பு மாவு. அப்புறம் வாராவாரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்).

வேளச்சேரி வெயில்:
அப்படியானால் கத்தரிக்கும் வேண்டாம். நீங்கள் போடும் இரண்டிலுமே மணிச்சத்து இருக்கிறது. அது பக்கத்திலேயே கொட்டிக் கிடந்தால் செடி பூஞ்சையை அண்டவிடாது. சும்மா வேலை செய்கிற ஆள் இல்லையே அது. இலை தயாரிக்கும் உணவில் 20 சதவீதம் வரைகூட அதற்குப் போகும் என்கிறார்கள். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு யாராவது மெஸ்ஸுக்கும் மாதப் பணம் கட்டுவார்களா?

அடையாறு ஆலமரம்:
அதற்காகத்தான் முதலில் 19:19:19ஐ நிறுத்தச் சொல்கிறேன். பூஞ்சை மணிச்சத்தை மட்டுமா தருகிறது? துத்தநாகமும் எடுத்துத் தரும், வறட்சியையும் ஓரளவு தாங்க வைக்கும். மே மாதம் நம் ஊர் மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். காட்டில் மரங்களே பூஞ்சை வழியாக ஒன்றுக்கொன்று உணவு அனுப்புகின்றன.

வேளச்சேரி வெயில்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். 1997இல் காட்டியல் ஆய்வாளர் சுசான் சிமார்ட் குழு கனடாவில் பிர்ச், டக்ளஸ் ஃபிர் மரங்களில் செய்த ஆய்வு அது. கார்பன் மரம் விட்டு மரம் போனதைக் காட்டினார்கள், அது நல்ல வேலை. ஆனால் காட்டில் இது பூஞ்சை வலை வழியாகத்தான் நடக்கிறது, கன்றுகளுக்கு அதனால் பெரிய லாபம் என்பதற்கெல்லாம் ஆதாரம் போதாது என்று 2023இல் அதே துறைக்காரர்களே எழுதிவிட்டார்கள். தவிர, அந்த மரங்களின் பூஞ்சை வேரின் வெளியே உறை போல் படிகிற வகை. நம் வேம்பு, புளிக்கு இருப்பது வேரின் செல்லுக்குள்ளேயே நுழைகிற வகை. க்ரோ பேக்கிலோ வேரே மூலைமுடுக்கெல்லாம் சுற்றி வந்துவிடுகிறது. இழை எங்கே போய் எதைத் தேடும்?

குரோம்பேட்டை கீரைக்காரி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மாம்பலம் அண்ணா, தயவுசெய்து சூடோமோனாஸை (செடிக்கு நன்மை செய்யும் பாக்டீரியா) பெருக்குகிற மாதிரி இதை வெல்லத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். உயிருள்ள வேர் இல்லாமல் இது பெருகாது. மக்காச்சோளம் மாதிரி ஒரு செடியின் வேரில் வளர்த்துத்தான் பாக்கெட் போடுகிறார்கள். மேலே தூவினாலும் பெரிதாகப் பயனில்லை, நடும் குழியில் வேர் தொடும்படி இருக்க வேண்டும். கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் இதுவும் போய்விடும்.

அடையாறு ஆலமரம்:
நன்றி அம்மா. வேளச்சேரியார் எலுமிச்சையைப் பற்றி வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? எலுமிச்சைக்கு வேர்த்தூவி (வேரின் மேல் இருக்கும் மெல்லிய உறிஞ்சு முடிகள்) குறைவு, இந்தப் பூஞ்சையை ரொம்பவே நம்பியிருக்கிற செடி அது.

வேளச்சேரி வெயில்:
எலுமிச்சைக்கு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? டிரம் மாற்றும்போது போடட்டும், எலும்பு மாவு இல்லாமல். கத்தரிக்கு இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மாம்பலம் மாடி:
சரி, எலுமிச்சைக்கு மட்டும். மீதிப் பாக்கெட் யாருக்காவது வேண்டுமா?

குரோம்பேட்டை கீரைக்காரி:
காலாவதித் தேதி என்ன போட்டிருக்கிறது அண்ணா?