பொருள்: ‘மதிப்பிடுக’ என்றால் எதைச் செய்வது? எஸ்டிமேஷனுக்கு ‘மட்டுக்கட்டல்’

நண்பர்களே, வணக்கம்.

கணக்கில் எஸ்டிமேஷனுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். காலாண்டுத் தாள் திருத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நேற்று ராத்திரி முடிந்தது. நான் எழுத வேண்டியதும் அந்தத் தாள்கட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது.

எட்டாம் வகுப்புக்கு நான் கொடுத்திருந்த ஒரு மார்க் கேள்வி இது: “மதிப்பிடுக: 398 × 21.” நானூறை இருபதால் பெருக்கி, எட்டாயிரத்துக்குப் பக்கத்தில் வரும் என்று எழுதுவார்கள் என எதிர்பார்த்தேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் 8358. ஓரத்தில் சுத்தமாகப் பெருக்கல் போட்டு, விடைக்குக் கீழே இரண்டு கோடு. எல்லோருக்கும் மார்க் கொடுத்தேன். கேள்வி கேட்டதைத்தானே பிள்ளைகள் செய்திருக்கிறார்கள்! மதிப்பிடுக என்றால் சரியான மதிப்பைக் கண்டுபிடி என்பதுதான் நம் பாடநூல் பழக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையிடல் (இன்டக்ரேஷன்) கணக்குக்கு மேலேயும் அதே சொல்தான் நிற்கிறது. அங்கே யாராவது ‘இவ்வளவு இருக்கும்’ என்று எழுதினால் பூஜ்யம்.

ஆக, ஒரே சொல் இரண்டு வேலையைச் சொல்கிறது. ஒரு இடத்தில் கணக்கை முழுசாகப் போடு என்கிறது. இன்னொரு இடத்தில் கணக்கைப் போடுவதற்கு முன்பே விடை எங்கே விழும் என்று சொல் என்கிறது. போதாதற்குப் பள்ளிக்கூடத்தில் மதிப்பீடு என்றாலே தேர்வு: வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு. புள்ளியியல்காரர்கள் அவர்களுடைய எஸ்டிமேஷனுக்கு அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளட்டும். நான் கேட்பது ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எண்களைக் கையாளும் இடத்துக்கு மட்டும்.

சொல் இல்லாததால் என்ன கெட்டுப்போகிறது என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு 49.7 × 20.3. ஒரு பெண் பொறுமையாகப் பெருக்கி 10089.1 என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். இலக்கமெல்லாம் சரி, புள்ளிதான் ஓரிடம் தள்ளிப்போயிருந்தது. தப்பு என்று நான் சொல்லவில்லை. “ஐம்பதை இருபதால பெருக்கினா எவ்வளவும்மா?” என்றேன். “ஆயிரம் சார்” என்று சட்டென்று சொன்னாள். அப்புறம் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேனாவை எடுத்துப் புள்ளியை அவளே நகர்த்தினாள்: 1008.91. திறமை அவளிடம் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் எனக்கு வழியில்லை. அடுத்த வாரம் வேறொரு கணக்கில் “எஸ்டிமேட் பண்ணிப் பாரு” என்றேன். பாதிப் பேருக்கு எஸ்டிமேட் என்றால் வீடு கட்டக் கொத்தனார் போட்டுத் தருவது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1970-களின் கடைசியில் நாடு தழுவி நடத்திய கல்விச் சோதனையில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் விடை எதற்குப் பக்கத்தில் வரும், 1-க்கா, 2-க்கா, 19-க்கா, 21-க்கா? இரண்டு பின்னமும் ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கூட்டினால் இரண்டுக்குக் கொஞ்சம் கீழே. 2 என்று சொன்னவர்கள் 24 சதவீதம்தான். 19 என்றவர்கள் 28 சதவீதம், 21 என்றவர்கள் 27. மேலே இருப்பதை மட்டும் கூட்டினால் 19, கீழே இருப்பதை மட்டும் கூட்டினால் 21. அப்படிச் சொன்னவர்கள் எண்ணின் பருமனைப் பார்க்கவில்லை. என் வகுப்பில் இதே கேள்வியைப் போட்டபோதும் முதலில் எழுந்த விடை 19-தான்.

சரி, இழையில் வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> உத்தேசம் என்ற சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது. ஆனால் தேர்வாணையம் வெளியிடும் ‘உத்தேச விடைகள்’ வீட்டில் அண்ணன் அக்காவுக்குத் தெரியும், அவர்கள் வழியாக என் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே அதன் பொருள், பிறகு மாறக்கூடிய விடை. அரசு பாலம் கட்ட உத்தேசித்துள்ளது என்றால் எண்ணியிருக்கிறது என்று பொருள். கணக்குக்கு அந்தச் சொல்லை இறுக்கிக் கட்ட முடியவில்லை. தோராயத்தை நான் விடமாட்டேன், ஆனால் அது கிடைத்த விடையின் தன்மையைச் சொல்வது. செய்யும் வேலையைச் சொல்லாது. ஊகம் வேண்டவே வேண்டாம்.

> குத்துமதிப்பு என்றே வைப்போம். கடலூரிலும் புதுச்சேரியிலும் வாயில் புழங்கும் சொல். பண்டிதத் தமிழ் எதற்கு?

புதுச்சேரி ஐயா எழுதியது இது. முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. வாயில் இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டு அகராதியில் தேடுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்தச் சொல்லை எப்போது எடுக்கிறோம் என்று ஒரு வாரம் காதுகொடுத்துக் கேட்டேன். “குத்துமதிப்பா சொல்றேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.” பொறுப்பு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்ளும் சொல் அது. நான் பிள்ளைகளிடம் கேட்பது பொறுப்போடு சொல்லும் ஒரு எண்ணை.

போன ஆனியில் பண்ருட்டி மண்டியில் ஒரு அம்மா பலாக்காய் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தூக்கி இடுப்போடு ஒருதரம் அணைத்தார். “பதினாலுக்குக் குறையாது, பதினஞ்சைத் தாண்டாது” என்றார். தராசில் 14 கிலோ 400 கிராம். எப்படி என்று கேட்டேன். காலையில் வந்ததும் ஒரு காயைத் தராசில் போட்டு எடையைப் பார்த்துவிட்டுத் தூக்குவாராம். “அது கையிலேயே நிக்கும் தம்பி. அப்புறம் வர்றதெல்லாம் அதுக்கு மேலயா கீழயா, அவ்ளோதான்.” தெரிந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்கிறார், புதியதை அதோடு ஒப்பிடுகிறார், கீழே ஒரு எல்லை மேலே ஒரு எல்லை போடுகிறார். கணக்காசிரியர் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டிய மூன்று காரியமும் இதில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பலாக்காய்க்குப் பதில் அரை, ஒன்று, பத்து, நூறு. (இப்படிக் கையில் பிடித்துக்கொள்ளும் எண்ணைப் ‘பிடியெண்’ என்று நான் வகுப்பில் சொல்லிவருகிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் கொடுங்கள்.)

பலா என்றதும் ஒருவர் கணக்கதிகாரத்தை நினைவூட்டினார். காரிநாயனாரின் அந்தப் பழைய கணக்கு நூலில் பலாவை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு கணக்கு உண்டு: காம்பைச் சுற்றி இருக்கும் சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 50 என்றால் சுளை 60. அழகான கணக்கு, நான் வகுப்பில் சொல்வதும் உண்டு. ஆனாலும் அது வாய்பாடு. வாய்பாடு ஒரே எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த அம்மா போட்ட மாதிரி மேலும் கீழும் எல்லை போடாது. நாம் பெயர் தேடுவது அம்மா செய்ததற்கு.

அந்த ‘குறையாது, தாண்டாது’ என்பதைக் கேட்டபோதுதான் எனக்கு மட்டுக்கட்டு என்ற வினை நினைவுக்கு வந்தது. மட்டு என்றால் அளவு, எல்லை. இம்மட்டும், அம்மட்டும் என்பதில் இருப்பதும் அதுதான். மட்டுக்கட்டுவது என்றால் இந்த எல்லைக்குள் இருக்கும் என்று நிதானித்துச் சொல்வது. என் வகுப்பில் அம்மா ஊர் திருநெல்வேலிப் பக்கமாக உள்ள ஒரு பையனுக்கு மட்டும் சொல் தெரிந்திருந்தது. “ஆளை மட்டுக்கட்ட முடியலன்னு அம்மா சொல்வாங்க சார்” என்றான். மற்றவர்களுக்குப் புதுசு. இருக்கட்டும், விகிதமுறு எண்ணும் மீப்பெரு பொதுக் காரணியும் எந்த வீட்டில் புழங்கின? இதிலாவது மட்டும் கட்டும் ஏற்கெனவே தெரிந்த சொற்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, இது வினையாகப் பிறந்த சொல் என்பது. வகுப்பில் நாள் முழுக்கத் தேவைப்படுவது வினைதான். மட்டுக்கட்டிப் பார். மட்டுக்கட்டினாயா? கேள்வித்தாளில் ‘மட்டுக்கட்டுக’. பாடத்தலைப்புக்கு ‘மட்டுக்கட்டல்’. விடை உண்மையைவிட அதிகமாகப் போனால் ‘கூட்டிக் கட்டிவிட்டாய்’, குறைந்தால் ‘குறைத்துக் கட்டிவிட்டாய்’. இதையெல்லாம் மதிப்பீட்டிலிருந்து பெற வேண்டுமென்றால் மிகைமதிப்பீடு, குறைமதிப்பீடு என்று போய், தேர்வில் மார்க் போட்டதைப் பற்றிய புகார் மாதிரி ஆகிவிடுகிறது.

யாழ்ப்பாணத்து அக்கா ரவுண்டு செய்வதற்கு, அதாவது 47-ஐப் பக்கத்துப் பத்தான 50 என்று எழுதுவதற்கு, ‘மட்டந்தட்டல்’ என்று எழுதியிருந்தார். இலங்கைப் பாடநூல்களில் ‘கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டுக’ என்று வருவதை நானும் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் முழுதாக்கல், முழுமையாக்கல் என்கிறோம். 2.347-ஐ இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்குக என்றால், 2 என்று எழுதும் பிள்ளை எல்லா வருஷமும் உண்டு. முழுதாக்கு என்று சொல்லிவிட்டு 2.35-ஐ எதிர்பார்த்தால் அது எங்கே போகும்? மட்டந்தட்டல் என்றதும் முதலில் நான் தயங்கினேன். படியில் நெல்லைத் தலைதட்டினால் மிஞ்சியது கீழேதான் விழும். 47-ஓ மேலே 50-க்குப் போகிறது. அப்புறம் காட்டுமன்னார்கோவில் பக்கம் நடவுக்கு முன் பரம்படிப்பதை நினைத்துக்கொண்டேன். அங்கே மேடும் கரையும், பள்ளமும் நிரம்பும். சரியான சொல் அக்கா. எங்கள் ஊரில் மட்டந்தட்டுவது என்றால் ஒருவரைத் தாழ்த்திப் பேசுவது, அதனால் முதல் நாள் பிள்ளைகள் சிரிப்பார்கள். மறுநாள் சிரிக்கமாட்டார்கள்.

அன்புடன்,
கடலூர் கணக்கு வாத்தியார்

* * *

புதுச்சேரியிலிருந்து மறுமடல்:

வாத்தியாருக்கு வணக்கம். குத்துமதிப்பு பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது, அதை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு விஷயம் மட்டும்.

நான் இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். கணக்கைப் போடுவதற்கு முன் எங்கள் ஆசிரியர் ‘ஓர்த்ர் து கிராந்தர்’ என்ன என்று கேட்காமல் விடமாட்டார். அளவின் வரிசை என்று பொருள். அதைச் சொல்லாமல் விடைக்குப் போனால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ‘அளவுவரிசை’ ஆகுமா? இரண்டாவது, பெரிய இடைஞ்சல். உங்கள் பாடநூலிலேயே −7-இன் ‘மட்டு மதிப்பு’ 7 என்று வருகிறது. பத்தாம் வகுப்பில், வகுத்து வரும் மீதியை வைத்துப் போடும் மட்டு எண்கணிதம் வேறு. மட்டுக்கட்டியதால் கிடைப்பதை மட்டு என்றால் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

இங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிய பிறகு, இந்தச் சொல்லெல்லாம் யாருக்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். அதற்கும் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.

* * *

ஐயா,

மட்டு மதிப்பு மோதுகிறது என்பது உண்மை. எழுதும்போது அதை நான் யோசிக்கவில்லை. அதனால் ‘மட்டு’ என்று தனியாக எங்கேயும் பயன்படுத்தக் கூடாது என்பதைப் பரிந்துரையிலேயே சேர்த்துவிடுகிறேன். செய்வது மட்டுக்கட்டல், கிடைப்பது தோராய விடை. மட்டு மதிப்பில் மட்டு பெயருக்கு முன்னால் ஒட்டுகிறது, இங்கே முழு வினையாக வருகிறது. ‘மட்டுக்கட்டுக’ என்று கேள்வியில் பார்த்த பிள்ளை −7-இன் குறியை நீக்கிவிட்டு உட்கார்ந்திருக்காது என்று நம்புகிறேன். நம்பினால் போதாது, வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

அளவுவரிசை நல்ல சொல், ஆனால் குறுகியது. விடை நூறிலா, ஆயிரத்திலா, பத்தாயிரத்திலா என்பதோடு அது நின்றுவிடும். புள்ளி தள்ளிப்போட்ட பெண்ணுக்கு அது போதும். 12/13 + 7/8-க்குப் போதாது. 19-ஐயும் 21-ஐயும் தள்ளிவிடும், ஆனால் ஒன்றும் இரண்டும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. அறிவியல் குறியீட்டில் பத்தின் அடுக்கைச் சொல்லும் இடத்துக்கு அதை எடுத்து வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஆசிரியரின் பழக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன்: கணக்குக்கு முன்னால் ஒரு வரி, அது இல்லாமல் விடை கிடையாது.

சிபிஎஸ்இ பற்றி: புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும், புரியாத பிள்ளையிடம் ஆசிரியர் குனிந்து சொல்வது தமிழில்தான். உங்கள் புதுச்சேரிக் கோரிமேட்டிலும் அப்படித்தான், எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் அப்படித்தான். அந்த இடத்தில் வாயில் எடுக்க ஒரு சொல் வேண்டும்.

அரையாண்டுத் தாளில் இரண்டு கேள்வி அடுத்தடுத்து வைக்கப்போகிறேன்:

14. மட்டுக்கட்டுக: 602 × 48. (விடை எதற்குக் குறையாது, எதைத் தாண்டாது?)
15. மதிப்பு காண்க: 602 × 48.

பதினாலாவதில் எத்தனை பேர் 28896 என்று எழுதுகிறார்கள் என்பதை எண்ணி, இதே இழையில் போடுகிறேன். அக்கா, உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாரிடமாவது இதே இரண்டு கேள்வியையும் கொடுத்துப் பார்க்க முடியுமா?