கிடேரிக்குத் தாடை வீக்கம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வாய்க்கால்கரை (மன்னார்குடி பக்கம்):
பத்து மாதக் கிடேரி. சாயங்காலம் மேய்ந்துவிட்டு வந்தால் தாடைக்கடியில் பை மாதிரி தொங்கும், காலையில் வற்றிவிடும். தொண்டை அடைப்பான் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அதற்குக் காய்ச்சல் வருமே, இதற்கு இல்லையே என்று நான்கு நாள் விட்டுவிட்டேன். டாக்டர் வந்து வீக்கத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, மேலே எழவே இல்லை. இன்னமும் கண்ணை மூடினால் அந்தக் குழிதான். இமையைப் பிதுக்கினால் உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. சாணியில் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவின் முட்டை. அதற்கான ஆக்சிகுளோசனைடு மருந்து கொடுத்தோம், மூன்றாம் நாள் விடியற்காலையில் கன்று செத்துப்போய்விட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஐவர்மெக்டின் என்ற பூச்சி ஊசி போட்ட கன்று அது. அந்த ஊசி தட்டைப்புழுவைத் தொடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொட்டகை:
எங்களுக்கு அல்பெண்டசோல் மருந்துக்கே கேட்டது. இரண்டு கிடேரிக்கும் இதே தாடை வீக்கம், இரண்டும் பிழைத்தன. அது போதும்.

பசும்புல்:
போதும் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கும் அளவு இதற்குப் பற்றாது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வேண்டும், அதுவும் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். ஆக்சிகுளோசனைடும் அப்படித்தான். ஈரலைத் துளைத்துக்கொண்டிருக்கும் இளம் புழுவுக்கு டிரைக்லாபெண்டசோல், கிலோவுக்கு 12 மில்லிகிராம். எடையைக் கண்ணால் மதிக்காதீர்கள், நாடா பிடித்து அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள். சினை பிடித்த முதல் 45 நாளில் அல்பெண்டசோல் கூடாது.

என் கன்றுக்குச் சாணிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது, நிம்மதியாக இருந்துவிட்டேன். புழு உள்ளே போய் முட்டையிடவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகுமாம். மறுபடி பார்த்தபோது முட்டை, கன்று எலும்பும் தோலுமாக இருந்தது.

அப்புறம், வாய்க்கால் ஓரப் புல்லை ஈரத்தோடு அறுத்துப் போடாதீர்கள். நத்தையிலிருந்து வெளியே வரும் புழுக்குஞ்சு அந்தப் புல்லின் அடித்தண்டில்தான் ஒட்டிக்கொள்கிறது. தேங்கிய தண்ணீரில் கன்றை இறக்க வேண்டாம், தொட்டித் தண்ணீர் காட்டுங்கள். வாத்து விட்டால் நத்தை குறையும்.

வாய்க்கால்கரை:
வாத்துக்காரர்கள் அறுவடை முடிந்தால் எங்கள் வயலுக்கு வருவார்கள், சொல்லி வைக்கிறேன். செத்ததன் தங்கைக்கு இப்போது ஆறு மாதம். அதே வரப்பில் மேய விட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. சாயங்காலம் கட்டும்போதெல்லாம் தாடையைத் தடவிப் பார்க்கிறேன், வீக்கம் இல்லை. சாணியில் இப்போது தெரியாது என்கிறீர்களே, அப்படியென்றால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் இப்போதே மருந்து கேட்கவா?