மறு: ‘வார் ப்ராஃபிட்டியரிங்’: போர்க்கொள்ளையா, போர் ஆதாயமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஈராக் போர் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர், ‘வார் ப்ராஃபிட்டியரிங்’ என்பதற்கு, அதாவது போரைச் சாக்காக வைத்துப் பணம் பண்ணுவதற்கு, மூன்று நாளாக ஒரு தமிழ்ச்சொல்லுக்குக் காத்திருக்கிறார். இதுவரை வந்தவை போர்வணிகம், போர்லாபம், போர்க்கொள்ளை, போர்ப்பாதீடு. போர்வணிகம் என்றால் ஆயுத வியாபாரம்தான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம். லாபம் என்பது மளிகைக் கடைக்காரரும் நேர்மையாக ஈட்டுவது. அதில் குற்றச்சாட்டே இல்லை.

> கொள்ளையைக் கொள்ளை என்று எழுத என்ன தயக்கம்?

ஐயா, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. தயக்கம் வேறு. கொள்ளை என்றால் சட்டத்தை மீறிப் பறித்தது என்று பொருளாகிறது. ஈராக்கில் நடந்ததில் பெரும்பகுதி சட்டத்துக்குள்ளேயே நடந்தது. அதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

2003 மார்ச்சில் ஈராக்கின் எண்ணெய்க் கட்டமைப்பைச் சீர்படுத்தும் வேலை, போட்டி டெண்டர் இல்லாமலே, அமெரிக்க எண்ணெய்த் துறை நிறுவனமான ஹாலிபர்ட்டனின் துணை நிறுவனம் கேபிஆருக்குப் போனது. உச்சவரம்பு 700 கோடி டாலர். அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செய்னி 1995 முதல் 2000 வரை ஹாலிபர்ட்டனின் தலைமை அதிகாரியாக இருந்தவர். ஒப்பந்தப்படி ஆன செலவை அரசு தரும். செலவு மதிப்பீட்டின்மேல் 2 சதவீதம் கட்டணம், வேலை திருப்தியாக இருந்தால் இன்னும் 5 சதவீதம் வரை. வீடு கட்டும் மேஸ்திரியிடம் ‘எவ்வளவு ஆனாலும் கொடுத்துவிடுகிறேன், அதற்கு மேலே உனக்கு இவ்வளவு’ என்று சொல்லிவிட்டு, சிமென்ட்டைச் சிக்கனமாகப் போடுவார் என்று யாராவது எதிர்பார்ப்போமா?

அந்த ஆண்டு டிசம்பரிலேயே, குவைத்திலிருந்து கொண்டுவந்த எரிபொருளுக்கு 6.1 கோடி டாலர் வரை கூடுதலாக வசூலித்திருக்கலாம் என்று பென்டகன் தணிக்கையாளர்கள் சொன்னார்கள். பின்னர் தணிக்கையில் ஆட்சேபிக்கப்பட்ட மொத்தத் தொகை 26 கோடி டாலரைத் தாண்டியது. 2006-ல் ராணுவம் அதில் ஏறத்தாழ 1 கோடியை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டது. ஒப்பந்தத்தை எதிர்த்துக் குறிப்பெழுதிய ராணுவப் பொறியாளர் படையின் கொள்முதல் உயரதிகாரி பனட்டீன் கிரீன்ஹவுஸ் 2005-ல் பதவி இறக்கப்பட்டார்.

கையெழுத்து இருக்கிறது, ரசீது இருக்கிறது, ஆட்சேபக் குறிப்பும் இருக்கிறது. இதைக் கொள்ளை என்று எழுதினால், ‘எந்தக் கோர்ட் சொன்னது?’ என்ற ஒரே கேள்வியில் விவாதத்தை முடித்துவிடுவார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த போர்க்கால ஒப்பந்த ஆணையம், 2011-ல் தந்த அறிக்கையில், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை வீண்செலவிலும் மோசடியிலும் போனதாகக் கணக்கிட்டது. முறைப்படி பில் போட்டு வாங்கிய ஆதாயம் இந்தக் கணக்கில் வராது. நமக்கு வேண்டிய சொல் அதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

பாதீட்டை முன்வைத்த அம்மாவுக்கு நன்றி. இரண்டு நாளாக அந்தச் சொல்லை விட்டு என்னால் விலக முடியவில்லை. தொல்காப்பியம் வெட்சிக்கு, அதாவது பகைவரின் மாடுகளைக் கவரும் போருக்கு, சொல்லும் துறைகளில் ஒன்று அது: கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கிட்டுக் கொடுப்பது. போரிட்டவனுக்கும், ஒற்றறிந்து வந்தவனுக்கும், நிமித்தம் பார்த்தவனுக்கும் அவரவர் செய்ததற்கு ஏற்பப் பங்கு. அதாவது வினை செய்தவனுக்கே பங்கு. நம் கட்டுரை பேசுவதோ போர்க்களத்தின் பக்கமே போகாமல் பங்கு வாங்கியவர்களைப் பற்றி. பழைய அறத்தையே தலைகீழாக்கிய செயலுக்கு அந்த அறத்தின் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. அதோடு இலங்கைத் தமிழில் பாதீடு என்றால் பட்ஜெட். ‘போர்ப்பாதீடு’ என்றதும் யாழ்ப்பாணத்து வாசகர் பாதுகாப்பு ஒதுக்கீடு என்றே படிப்பார்.

ஆகவே என் பரிந்துரை போர் ஆதாயம். ‘எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம்’ என்று நம் ஊரில் சொல்வதுண்டு (லாபம் என்றும் சொல்வார்கள்). ஊர்ப்பேச்சில் ‘இதுலயும் ஆதாயம் பாக்குறான்’ என்றால் அது பாராட்டு இல்லை. குற்றம் என்று சொல்லாமலே இழுக்கு என்று சொல்லிவிடுகிறது. வினைச்சொல்லுக்குப் ‘போரில் ஆதாயம் பார்த்தல்’, ஆளுக்குப் ‘போர் ஆதாயக்காரர்’. சேர்த்து எழுத வேண்டாம். ‘போராதாயம்’ என்றால் கண் ‘போராத’ என்று படித்துவிடுகிறது. போராதவர்களின் ஆயம் (வருவாய்) என்று பிரித்தால் பொருளும் பொருந்தி வருவது உண்மைதான், ஆனால் கலைச்சொல்லில் சிலேடை கூடாது.

சொற்களின் வரிசையைத் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். ‘ஆதாயக்கொலை’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். ஆதாயத்துக்காகவே செய்த கொலை. அந்த வழியில் ‘ஆதாயப் போர்’ என்றால் ஆதாயத்துக்காகவே தொடுத்த போர். அது நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு, அதற்குத் தனிச் சான்று வேண்டும். சந்தேகத்துக்குக் காரணம் நிறைய உண்டு. 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கக் காவல் இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 27 அன்று, ஈராக்கின் எண்ணெய் வருமானம் இரண்டு மூன்று ஆண்டுகளில் 5,000 கோடி முதல் 10,000 கோடி டாலர் வரலாம், சீரமைப்புச் செலவை அந்த நாடே ஏற்கும் என்ற பொருளில் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் நாடாளுமன்றக் குழு முன் பேசினார். ஆனால் 2009-ல் ஈராக் நடத்திய ஏலங்களில் ருமைலா எண்ணெய் வயல் போனது பிரிட்டனின் பிபி நிறுவனத்துக்கும் சீன அரசு எண்ணெய் நிறுவனமான சிஎன்பிசிக்கும். அதுவும் கூடுதலாக எடுக்கும் பீப்பாய்க்கு 2 டாலர் கூலிக்கு. மேற்கு குர்னா-2 வயல் ரஷ்யாவின் லுக்காயில் நிறுவனத்தின் தலைமையிலான கூட்டுக்கு. எண்ணெய் மட்டுமே நோக்கம் என்று ஒரே வரியில் எழுத இது இடம் தரவில்லை. கட்டுரையாசிரியர் எந்த இடத்தில் எதைச் சொல்கிறார் என்று பார்த்து இரண்டு சொல்லையும் பிரித்து ஆளும்படி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். எல்லா இடத்திலும் ஆதாயப் போர் என்று போட்டால், மெய்ப்பிக்கப்பட்டது மெய்ப்பிக்கப்படாததோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

ஒன்று பாக்கி. மேலே சொன்ன ‘காஸ்ட்-ப்ளஸ்’ வகை ஒப்பந்தத்துக்கு ‘செலவுமேற்கட்டண ஒப்பந்தம்’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. குழுமத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்பவர்கள் இருவர் இருக்கிறீர்கள். இப்படிப் பேசி முடிக்கும் வேலையை உங்கள் ஆட்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?