மொட்டைமாடியில் காற்றுவேகமானி: கம்பம், வயர், கணக்கு (மூன்று ஊர்க்காரர்களின் குறிப்புகள்)

பொள்ளாச்சி:
காற்றின் வேகத்தை அளக்க மாடியில் காற்றுவேகமானி வைப்பதென்றால், எந்தக் கருவி வாங்கினாலும் கம்பம் நிற்கும் இடம்தான் முக்கியம். கைப்பிடிச் சுவரில் மோதி எழும் காற்று மாடிக்கு மேலே சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுழலுக்குள் கருவியின் சுற்றும் கிண்ணங்கள் இருந்தால் வேகம் திடீரென எகிறும், உடனே படுத்துவிடும். மாடிப்படி அறை, தண்ணீர் டேங்க் இரண்டில் எது உயரமோ அதற்கு மேல் எட்டடியாவது தூக்குங்கள். ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. பைப் போதும். படி அறைச் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து, இரண்டடி இடைவெளியில் இரண்டு கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம். தளத்தில் துளை வேண்டவே வேண்டாம், ஒழுக ஆரம்பித்துவிடும். சுவரைத் தாண்டிப் பைப் பத்தடி நீண்டால் மூன்று பக்கமும் டர்ன்பக்கிளோடு (திருகி இறுக்கும் கொக்கி) ஸ்டே கம்பி கட்டுங்கள். உச்சியில் ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் பேரிங் ஒரு பக்கமாகத் தேயும், மெல்லிய காற்றுக்குக் கிண்ணம் சுற்றாது.

தென்காசி:
பொள்ளாச்சி அண்ணன் சொன்னபடி கம்பம் நட்டாலும், வேகத்தைக் கணக்கிடும் புரோகிராமில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். பரவலாகக் கிடைக்கும் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் ஒட்டும் சுவிட்ச்) மாடலில் நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் மணிக்கு 2.4 கி.மீ. சுவிட்ச் ஒட்டும்போது தகடு நடுங்குவதால் ஒரு துடிப்பு மூன்றாக எண்ணப்படும். அதனால்தான் மெல்லிய காற்றுக்கும் வேகத்தை அதிகமாகக் காட்டுகிறது. 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர், சுவிட்சுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். புரோகிராமில் ஒரு துடிப்புக்குப் பின் 10 மில்லிநொடி கண்டுகொள்ளாமல் விடுங்கள். அழுத்தும் பொத்தானுக்கென எழுதிய புரோகிராமில் இருக்கும் 50 மில்லிநொடியை அப்படியே போட்டுவிட்டால் நொடிக்கு 20 துடிப்புக்கு மேல் எண்ணாது. ஆடிக் காற்று எவ்வளவு அடித்தாலும் மணிக்கு 48 கி.மீ.-ஐத் தாண்டாது! சராசரிக்கு 10 நிமிடம், திடீர் வீச்சுக்கு 3 நொடி, இதுதான் வானிலை நிலையங்களின் வழக்கம்.

திருவான்மியூர்:
கடலோரத்தில் உப்புதான் எதிரி. ஸ்க்ரூ, கிளாம்ப் எல்லாம் எஸ்.எஸ். 316 (துருவை எதிர்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்கட்டும். பேரிங்கில் எண்ணெய் விடாதீர்கள், உப்பும் தூசியும் ஒட்டிக் களியாகிவிடும். வயர் கட்டும் வெள்ளை நைலான் டேக் வெயிலில் பொடிந்துபோகும், வெயில் தாங்கும் கறுப்பு டேக் வாங்குங்கள். வயர் பைப்பில் அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே செம்பு அறுந்துவிடும், ஓர் அடிக்கு ஒரு கட்டு வேண்டும். ஜன்னலுக்குள் நுழையுமுன் வயரைக் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பைப்புக்கு எர்த் அவசியம். இடி வருவது தெரிந்தால் முன்கூட்டியே வயரைக் கழற்றிவிடுங்கள்.

பொள்ளாச்சி:
காற்று வீசும் திசையைக் காட்டும் திசைகாட்டியும் சேர்த்து மாட்டுகிறவர்களுக்கு ஒன்று. பைப் பக்கத்தில் காம்பஸ் வைத்து வடக்குப் பார்க்காதீர்கள், பைப்பின் இரும்பு காம்பஸ் முள்ளை இழுத்துவிடும். தள்ளி நின்று பாருங்கள். இல்லையென்றால் மேப்பில் தூரத்துக் கோபுரம் ஒன்றின் கோணத்தை எடுத்து, அந்தப் பக்கம் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பிச் சரிபாருங்கள்.