காட்டுக்குள் மட்டும் அணைந்துபோகும் பைக்: வைபோவா வழியில் உதவி தேவை

தென்காற்று:
வணக்கம் நண்பர்களே. நியூசிலாந்தின் வடக்கே நார்த்லாந்தில் பைக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஓபோனோனியில் தங்கல். நாளை மறுநாள் ராவெனியில் ஃபெர்ரி ஏறி, கோஹுகோஹு வழியாக வடக்கே போக வேண்டும். அதற்குள் இந்தக் கோளாறு தீர்ந்தால்தான் நிம்மதி.

வண்டி 650 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் உள்ள பழைய மாடல். டார்கவில் பக்கம் ரிபிரோ கடற்கரையில் அலை வற்றியிருந்த நேரத்தில் ஈர மணலில் ஓட்டினேன். அப்போது துளிக்கூடத் தொந்தரவு இல்லை. பிறகு டார்கவில்லில் டேங்கை நிரப்பிக்கொண்டு 12-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே வந்தேன். திறந்த வெளியில், நல்ல வெயிலில், வண்டி சீராக ஓடியது.

வைபோவா காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் தொல்லை ஆரம்பித்தது. பெட்ரோல் தீர்ந்துபோன மாதிரி இழுவை குறைந்து, விக்கி விக்கி அணைந்துவிட்டது. ரிசர்வுக்குத் திருப்பியும் பயனில்லை. பத்து நிமிடம் போல விட்டு ஸ்டார்ட் செய்தால் எதுவும் நடக்காதது போல ஓடுகிறது, சற்றுத் தூரம் போனதும் மறுபடி அதே கதை. கடைசியாக மலை இறங்கி, ஓமாபெரே பக்கம் சமதளத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கியபோதும் நின்றது. கடலோரம் வந்து வெயிலில் நிறுத்தி எடுத்த பிறகு ஒழுங்காக ஓடுகிறது.

சாலையை ஒட்டியே கௌரி (kauri) எனும் ராட்சத மரங்கள் நிற்கும் இடம் அது. ஒரு பெரிய மரத்துக்காகச் சாலையே ஒதுங்கிப் போகிறது. அதைக் கண்ணாரப் பார்க்க முடியாமல் எஞ்சின் சத்தத்திலேயே காது வைத்துக்கொண்டு வந்தது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என்னவாக இருக்கும்?

மணல்மேடு:
சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சைப் பாருங்கள். மணலில் ஓட்டியிருக்கிறீர்கள், மண் புகுந்திருக்கும்.

மழைச்சாரல்:
எனக்கு வேறு சந்தேகம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பனி பிடித்திருக்கலாம். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். வெளியே 10 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், உள்ளே உறைநிலைக்குக் கீழே போய்த் துவாரத்தைப் பனி அடைத்துவிடும். வண்டி நின்றதும் எஞ்சின் சூடு மேலே ஏறிப் பனியை உருக்கும், பத்து நிமிடத்தில் திரும்ப ஓடும். நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே பொருந்துகிறது. அந்தக் காடு எப்போதுமே ஈரமாகத்தானே இருக்கும்?

பழைய ஸ்பேனர்:
தம்பி, பொருள் எதையும் மாற்றாதீர்கள், வண்டியையும் இப்போதைக்குப் பிரிக்காதீர்கள்.

சைடு ஸ்டாண்டு சுவிட்ச் என்றால் விக்காது, விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (coil) நனைந்திருந்தால் சைலன்ஸரில் டப் டப்பென்று வெடிக்கும். நீங்கள் சொல்வது பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் தவிப்பது. மழைச்சாரல் சொன்ன பனியும் நடக்கக்கூடியதுதான், ஆனால் அது பெரும்பாலும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து ஒரே சீராக ஓட்டும்போது வரும். முறுக்கும்போது நிற்பதற்கு நான் முதலில் பார்ப்பது டேங்கின் காற்று வழியைத்தான்.

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் குறையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைக் கீழே தள்ளுவது அதன் சொந்த எடை மட்டும்தான். 20 செ.மீ. உயரப் பெட்ரோல் கொடுக்கும் அழுத்தம் சுமார் 1.5 கிலோபாஸ்கல், வெளிக்காற்றின் அழுத்தமோ 101. ஆகவே டேங்குக்குள் நூற்றில் ஒன்றரைப் பங்கு குறைந்தாலே ஓட்டம் நின்றுவிடும். முழுதாக அடைத்திருந்தால் டார்கவில் எல்லை தாண்டுவதற்குள்ளேயே நின்றிருக்கும். அரைகுறையாக அடைத்திருப்பதால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. நிறுத்திய பத்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடுகிறது.

காட்டில் மட்டும் ஏன் என்கிறீர்களா? வெயிலில் டேங்க் சூடாகி உள்ளே ஆவி பெருகும், குறைந்த அழுத்தத்தை அது ஈடுகட்டும். நிழலுக்குள் போய்க் குளிர்ந்ததும் காற்றும் ஆவியும் சுருங்கும், இழுப்பு இரட்டிப்பாகும். மேட்டில் பெட்ரோல் செலவும் கூடுதல். ஓமாபெரேயில் நின்றதுதான் எனக்குக் கிடைத்த நல்ல துப்பு. 100 மீட்டர் கீழே இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1.2 கிலோபாஸ்கல் கூடும். அடைபட்ட டேங்குக்குள் மட்டும் மேலே இருந்த அழுத்தமே தங்கிவிடும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டர் மூடியிருப்பதால் தெரியாது, சமதளத்தில் முறுக்கினால் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த முறை நின்றால் உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், அந்தக் கணமே ஸ்டார்ட் ஆனால் விஷயம் முடிந்தது. சத்தமும் இல்லை, ஸ்டார்ட்டும் ஆகவில்லை என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு பாட்டிலில் பெட்ரோல் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். சைலன்ஸர் ஆறிய பிறகு மட்டும் அதைச் செய்யுங்கள். நன்றாக வந்தால் பெட்ரோல் பக்கம் குறையில்லை. வராவிட்டால் எஞ்சினின் உறிஞ்சலால் திறக்கும் டேங்கின் பெட்ரோல் திருகை (வேக்குவம் காக்), எஞ்சின் ஓடாமலே பெட்ரோல் விடும் ‘பிரைம்’ நிலையில் வைத்துப் பாருங்கள்.

தென்காற்று:
நன்றி அண்ணா. இறக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. நாளை காலை அதே மலையில் ஏறிச் சோதிக்கலாம் என்றிருக்கிறேன். காட்டுக்குள் நின்றுவிட்டால் ஓரமாகத் தள்ளி வைக்க இடம் இருக்குமா?

டார்கவில்காரன்:
உள்ளே சாலை குறுகல், வளைவுகள் அதிகம், பல இடங்களில் ஓரமே கிடையாது. பின்னால் வரும் வண்டிக்கு உங்களைப் பார்க்கத் தூரம் போதாது. விக்க ஆரம்பித்ததும் அடுத்த ஒதுங்கும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், கடைசி மூச்சுவரை இழுத்துப் பார்க்காதீர்கள். ‘தானே மஹுதா’ என்று பெயருள்ள பெரிய கௌரி மரத்துக்கு எதிரே வண்டி நிறுத்த நல்ல இடம் இருக்கிறது. காட்டுக்குள் மொபைல் சிக்னலை நம்ப வேண்டாம், எந்த வழியில் போகிறீர்கள் என்று தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வண்டி நின்றாலும் சாலையை விட்டு மரங்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போகாதீர்கள். கௌரி மரத்தின் உணவு வேர்கள் மண்ணின் மேற்பரப்பிலேயே படர்ந்திருக்கும். மண் வழியாகப் பரவும் ஒரு நுண்ணுயிர் அந்த வேர்களைத் தாக்கி மரத்தையே சாகடிக்கிறது. வந்துவிட்ட மரத்தைக் குணமாக்க மருந்து இல்லை. பூட்ஸில், டயரில் ஒட்டிய சிறு மண்கட்டி போதும் அதைக் கொண்டுபோக. தானே மஹுதா நடைபாதை வாசலில் பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினி போடும் இடம் இருக்கிறது. அவசரமாக இருந்தாலும் உள்ளே போகும்போதும் வரும்போதும் அதைத் தவறாமல் செய்யுங்கள். அந்த மரத்தின் அடிச்சுற்றளவு 13 மீட்டருக்கும் மேல், வயது ஆயிரத்தைத் தாண்டியது என்கிறார்கள். நாம் கொண்டுபோகும் மண்ணால் அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

டேங்க் மூடியைத் திறக்கும்போதும் பெட்ரோல் மண்ணில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்காற்று:
சோதித்துவிட்டேன். காட்டின் வடக்கு விளிம்பைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விக்கத் தொடங்கியது. ஒதுங்கி நின்று மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். மூடியதும் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. அண்ணா சொன்னதுதான். இப்போது எங்கே அடைத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூடியில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

பழைய ஸ்பேனர்:
அப்படியென்றால் உங்கள் வண்டியில் காற்று வழி ஒரு சிறு ஹோஸாகக் கீழே போகும். டேங்கின் அடியிலிருந்து பின்சக்கரப் பக்கம் இறங்கும் மெல்லிய ரப்பர் குழாய்களைத் தேடுங்கள். இரண்டு இருந்தால் ஒன்று மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீரை வெளியேற்றுவது, மற்றது டேங்கின் காற்று வழி. இரண்டின் நுனியையும் பாருங்கள். டேங்கின் கீழே எங்காவது மடிந்து நசுங்கியிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். நசுங்கல் இல்லையென்றால் நுனியில்தான் அடைப்பு. குழாயை டேங்கிலிருந்து கழற்றிவிட்டு டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதுங்கள். மாட்டியிருக்கும்போதே ஊதினால் குப்பை டேங்குக்குள் போய்விடும். வாயால் உறிஞ்சவும் வேண்டாம்.

தென்காற்று:
கண்டுபிடித்தாயிற்று! காற்று வழிக் குழாயின் நுனி செயினுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரிபிரோ மணலும் செயின் கிரீஸும் கலந்து, ஒரு விரற்கடை நீளத்துக்கு சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தது. அந்த நுனியை வெட்டிவிட்டு, மீதியை ஊதிச் சுத்தம் செய்து மாட்டினேன். பிறகு வைபோவா முழுவதையும் தெற்கு விளிம்பு வரை ஓட்டித் திரும்பினேன், ஒருமுறைகூட விக்கவில்லை. வழியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டு தானே மஹுதாவையும் ஆற அமரப் பார்த்தேன். பார்வை மேடையில் நின்று அண்ணாந்து பார்த்தால், முதல் கிளை தொடங்கும் உயரத்திலேயே வேறு செடிகள் ஒரு தோட்டமாக வளர்ந்திருக்கின்றன. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

மழைச்சாரல்:
நல்லது! இறக்கத்தில் அழுத்தம் மாறும் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. எனக்கும் இது புதுப் பாடம்.

பழைய ஸ்பேனர்:
மகிழ்ச்சி தம்பி. கிளம்புவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. குழாயின் நுனியைச் செயின் பக்கம் விடாமல் கொஞ்சம் மேலே, முன்பக்கமாகத் திருப்பிக் கட்டுங்கள். நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் சேறு சட்டென்று மூடாது. சைலன்ஸருக்குப் பக்கத்தில் மட்டும் போகக் கூடாது, அதில் பெட்ரோல் ஆவி வரும்.

அப்புறம், கடல் உப்பு இன்னும் வண்டியில் இருக்கும். நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி பிரேக் காலிப்பர், ஸ்போக், செயின் எல்லாவற்றையும் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்புநீர் பேரிங்குக்குள் போய்விடும். செயின் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, கிளம்பிய முதல் சில நூறு மீட்டரில் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து உலர்த்துங்கள். ராவெனி ஃபெர்ரியின் இரும்புச் சாய்தளம் ஈரமாக இருந்தால் வழுக்கும். வண்டியைச் சாய்க்காமல், முன் பிரேக்கைத் தொடாமல் நேராக ஏற்றுங்கள்.