செவ்வாய்க் கோள் பயண ஒத்திகையில் விண்வெளி உடையணிந்து வெளியே செல்வதால் என்ன தெரிய வருகிறது?

வானம்பாடி கேட்டது:

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஹாங்ஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகே, செவ்வாய்க் கோளில் வாழ்வதை ஒத்திகை பார்ப்பதற்காக மார்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு நடத்தும் பாலைவன ஆய்வு நிலையத்தைப் பற்றிச் சில நாட்களாகப் படித்து வருகிறேன். ஆறேழு பேர் கொண்ட குழு பெரும்பாலும் இரண்டு வாரங்கள், ஏறத்தாழ 8 மீட்டர் விட்டமுள்ள ஈரடுக்கு உருளைக் கட்டடத்தில் தங்குகிறது. வெளியே செல்ல வேண்டுமானால் உடையும் தலைக்கவசமும் அணிந்து, காற்றழுத்தம் குறைந்துகொண்டிருப்பதாகப் பாவித்து ஒரு சிறு அறைக்குள் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கதவைத் திறக்கிறார்கள். ஆனால் அந்த உடைக்குள் அழுத்தம் எதுவும் இல்லை. முதுகுப்பையிலுள்ள மின்விசிறி வெளிக்காற்றைத்தான் தலைக்கவசத்துக்குள் செலுத்துகிறது. ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பே. இத்தனையும் பாவனை என்றால், அந்தக் களப் பயணங்களிலிருந்து கிடைப்பதை அறிவியல் என்று எப்படிச் சொல்வது? ஏளனமாகக் கேட்கவில்லை, விளங்கவில்லை என்பதால் கேட்கிறேன்.

கல்தச்சன் எழுதியது:

நான் விண்வெளித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். பாறைகளோடு பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். களத்தில் நாங்கள் ஒரு கல்லை உடைத்தவுடன் புதிதாக உடைந்த முகத்தைக் கண்ணருகே கொண்டுவந்து லென்ஸ் வைத்துப் பார்ப்போம். நனைத்து நிறம் பார்ப்போம். களிமண்ணா வண்டலா என்று ஐயம் வந்தால், கேட்பவர் சிரித்தாலும் சரி, ஒரு துணுக்கைப் பல்லிடையே கடித்து நறநறப்பு உண்டா என்று சோதிப்போம். தலைக்கவசம் இவை அனைத்தையும் ஒரேயடியாகப் பறித்துவிடுகிறது. தடித்த கையுறையோடு பென்சில் பிடிப்பதும், கீழே பார்க்க முடியாமல் சரிவில் இறங்குவதும் அதற்கு மேல். உடை இல்லாமல் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை உடையோடு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அவசரத்தில் எந்தக் கவனிப்பு முதலில் விட்டுப்போகிறது என்பதை அளப்பதற்கு உள்ளே உண்மையான அழுத்தம் இருக்க வேண்டியதில்லை. அந்த நிலையத்தைச் சுற்றியுள்ள ஜுராசிக் காலப் படிவங்கள் உண்மையானவை. எடுத்துவரும் மாதிரிகளும் உண்மையானவை. அழுத்தமூட்டிய உடைக்குள் உடல் எவ்வளவு களைத்துப்போகும் என்ற கேள்விக்கு மட்டும் அங்கே விடை தேடக் கூடாது.

நெடுவழி எழுதியது:

முந்தைய பதிலோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எல்லா ஒத்திகை உடைகளும் யூட்டாவில் உள்ளவை போல எளியவை அல்ல. ஆஸ்திரிய விண்வெளி மன்றம் 2018 பிப்ரவரியில் ஓமானின் தோஃபார் பாலைவனத்தில் நடத்திய அமாடி-18 ஒத்திகையில் பயன்பட்ட அவுடா உடை ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ளது. அழுத்தமூட்டிய உடையின் மூட்டுகள் மடங்க மறுக்கும் விறைப்பைப் போலியாக உண்டாக்கும் புறச்சட்டகமும் அதில் உண்டு. உதவியாளர் இல்லாமல் அதை அணிய முடியாது. ஆயினும் செவ்வாயின் ஈர்ப்பு பூமியினதில் 38 விழுக்காடுதான் என்பதால், அங்கே 50 கிலோ உடை இங்கே 19 கிலோவைச் சுமப்பது போலத்தான் இருக்கும். ஆக, சுமை என்ற வகையில் ஓமானில் நடந்தவர்கள் செவ்வாயில் நடக்கப்போகிறவர்களை விடக் கூடுதலாகவே வருந்தியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

வானம்பாடி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறை இந்தப் பயணங்களில் என்ன செய்கிறது? உடனுக்குடன் பேச முடியாதல்லவா?

திசைகாட்டி எழுதியது:

என் பார்வையில் இந்த ஒத்திகைகளின் உயிர்நாடியே நீங்கள் இப்போது கேட்டதுதான். ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலைச் சரிவில், ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹை-சீஸ் என்ற செவ்வாய் ஒத்திகைக் கூடத்தில் 2015 ஆகஸ்ட் முதல் ஓராண்டு தங்கிய ஆறு பேருக்கு, செவ்வாயின் தொலைவைக் கணக்கில் கொண்டு, செய்தி ஒரு வழி செல்லவே 20 நிமிடம் என்று செயற்கையாகத் தாமதம் வைத்தார்கள். எரிமலைக் குழம்பு வடிந்துபோன குகையின் வாயிலில் நின்று "உள்ளே இறங்கலாமா?" என்று கேட்டால், விடை வர 40 நிமிடம் ஆகும், அதற்குள் வெளியே இருக்க அனுமதித்த நேரத்தில் கணிசமான பகுதி போய்விடும். ஆகவே பயணத்திட்டத்தை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் பெறுவது, களத்தில் எழும் முடிவுகளை அங்கே இருப்பவர்களே எடுப்பது, திரும்பியபின் அறிக்கை அனுப்புவது என்ற நடைமுறை தானாகவே உருவாகிறது. நிலவில் நடந்தவர்களோடு ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை ஏறக்குறைய உடனுக்குடன் பேசியது போன்ற உறவு இங்கே வாய்க்காது.

பாவனை எங்கே நிற்க வேண்டும் என்பதும் அங்கங்கே தெளிவாகவே இருக்கிறது. யூட்டாவில் மழை பெய்தால் பென்டோனைட் களிமண் வழுக்கலாகி, காலணியிலும் சக்கரத்திலும் அப்பிக்கொள்வதால் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். செவ்வாயில் மழை இல்லையே என்று யாரும் வாதிடுவதில்லை. கனடாவின் டெவன் தீவில், ஹாட்டன் விண்கல் பள்ளத்தருகே 2000ஆம் ஆண்டு அமைந்த செவ்வாய் ஒத்திகை நிலையத்தில் இது இன்னும் வேடிக்கையானது. அங்கே விண்வெளி உடையில் கல் பொறுக்குபவர்களோடு துப்பாக்கியும் செல்லும், ஏனென்றால் பனிக்கரடிக்கு ஒத்திகை என்றால் என்னவென்று தெரியாது.